சால்னாவில் என்ன எலும்பு, அண்ணாச்சி?

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் பரோட்டாக் கடையும் பேக்கரியும் நடத்துகிற அண்ணாச்சிமாருக்கு,

போன மாதம் எங்க அத்தான் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். வர்ஜீனியாவில் காட்டுப்பக்கம் நடக்கப்போன இடத்தில் ஒரு உண்ணி கடித்துவிட்டது, அதிலிருந்து ஆடு, மாடு, பன்றி எந்தக் கறியும் அவருக்கு ஆகாது. ஆல்ஃபா-கால் ஒவ்வாமை என்கிறார்கள். ஆல்ஃபா-கால் என்பது ஆடு மாடு உடம்பில் இருக்கிற ஒரு சர்க்கரை, மனுஷ உடம்பில் கிடையாது. கோழி, மீன், முட்டைக்குத் தடையில்லை. பாலும் நெய்யும் இந்த ஒவ்வாமை உள்ள சிலருக்குச் சேராது, அத்தானுக்குச் சேரும். சேராவிட்டால் நம்ம ஊருக்கு வந்தும் அல்வாவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருப்பார், பாவம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கடையில் உட்கார்ந்தோம். நான் இரண்டு தடவை கேட்டேன். "சிக்கன் சால்னாதாண்ணே, தைரியமா ஊத்திக்கிடுங்க" என்றான் பரிமாறின தம்பி. அவன் சொன்னது பொய்யில்லை, மிதந்தது கோழித்துண்டுதான். அடியில் கொதித்தது ஆட்டெலும்பு. ஒரு மணிக்கு அத்தான் எழுந்து உள்ளங்கையைச் சொறிய ஆரம்பித்தார், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகெல்லாம் தடிப்பு, உதடு வீங்குகிறது, கையோடு வைத்திருந்த ஊசியைத் தொடையில் குத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இதில் கொடுமை என்னவென்றால், சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது, பெரும்பாலும் இரண்டிலிருந்து ஆறு மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். அதற்குள் நீங்க ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பீங்க. மறுநாள் போய்க் கேட்டபோது மாஸ்டர் எதையும் மறைக்கவில்லை, அந்தத் தம்பிக்குத்தான் அது தெரிந்திருக்கவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். சால்னாவுக்கு அடிச்சாறு எது, மட்டன் கொத்து போட்ட கல்லிலேயே முட்டைப் பரோட்டாவும் விழுகிறதா, சுக்காவில் விட்ட கரண்டிதான் கோழிக்கும் போகிறதா, இதைப் பரிமாறுகிற பையனுக்குச் சொல்லி வையுங்க. தெரியாவிட்டால் "மாஸ்டரைக் கேட்டுட்டு வாரேன்" என்று உள்ளே போகட்டும், நாங்க காத்திருக்கிறோம்.

பேக்கரிக்காரர்களே, கேக் மேல் பளபளக்கிற ஜெல்லி கடல்பாசியா (அகர் அகர்) ஜெலட்டினா? கடல்பாசி என்றால் கவலையில்லை. ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டுத்தோல், பன்றித்தோல், எலும்பிலிருந்து வருவது. பாக்கெட்டில் பச்சைப்புள்ளி இருந்தால் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பால். பழுப்பு முக்கோணம்தான் தலைவலி: முட்டை, மீன், ஆடு எல்லாவற்றுக்கும் அதே அடையாளம். ஒவ்வாமைக்காகக் கட்டாயம் குறிப்பிட வேண்டிய பட்டியலில் பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா எல்லாம் உண்டு, ஆட்டுக்கறி மாட்டுக்கறி கிடையாது. அப்புறம் என்ன, பொடி எழுத்தில் இருக்கிற சேர்மானத்தைக் கண்ணாடி போட்டு வாசிக்க வேண்டியதுதான். நீங்க அட்டையைப் பிரித்து உதிரியாக விற்கும்போது அதுவும் போய்விடுகிறது, அட்டையைக் கடையிலேயே வைத்திருங்க.

தைப் பொங்கலுக்கு அத்தான் மறுபடி வருகிறார். அதே கடைக்குத்தான் போகணும் என்கிறார், பரோட்டா அவ்வளவு நன்றாக இருந்ததாம். மாஸ்டர், எலும்பு போடுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சட்டியில் கொஞ்சம் தனியாக எடுத்து வைப்பீங்களா?