மூச்சை எங்கே நிறுத்துவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சடுகுடு சொல்லிக்கொடுத்தவன் நான். மூச்சடக்குவதில் எனக்கே ஒருவர் பாடம் நடத்துவார் என்று நினைத்ததில்லை. மூன்று மாத்திரைக்கும் இரத்த அழுத்தம் அடங்காததால், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்துவரச் சொன்னார் மருத்துவர். வேலூரில் ஒரு ஸ்கேன் மையத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கட்டிப் படுத்தேன்.

காதில் மாட்டிய கருவியில் பதிவுசெய்த குரல் ஒன்று, இந்தியிலும் ஆங்கிலத்திலும் மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொன்னது. நானோ பழக்கதோஷத்தில், பாடிப் போகிறவனைப் போல நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தேன். பாதியிலேயே நழுவியது. 'அசைவினால் படம் தெளிவில்லை' என்று அறிக்கையில் ஒரு வரி. பணம் போயிற்று.

அடுத்துப் போன இடத்தில் ஓர் இளம் டெக்னீஷியன், உள்ளே தள்ளுவதற்கு முன் என் வயிற்றில் கை வைத்து, "இயல்பாக மூச்சை விடுங்கள் ஐயா. காலியானதும் அப்படியே நிறுத்துங்கள்" என்று நான்கு முறை பழக்கினார். இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு உள்ளே போகும். விட்டு நிறுத்தினால் ஈரலும் சிறுநீரகமும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்து நிற்கும் என்றார். சாதாரண மூச்சுக்கே சிறுநீரகம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்குமாம். பார்க்க வேண்டிய குழாயோ ஐந்தாறு மில்லிமீட்டர் அகலம்தான்! பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்: கல் விழுந்த கிணற்றில் தெரியும் நிழலைப் போல, குழாயின் விளிம்பு இரண்டு மூன்றாகக் கலைந்திருந்தது. புதிய படத்தில் குழாய் துல்லியம். சுருக்கமும் இல்லை.

ஊசியில் ஏற்றும் சாய மருந்து தமனிகளில் மட்டும் நிறைந்திருப்பது சில நொடிகளே. பிறகு சிரைகளும் நிறைந்து படம் குழம்பிவிடும். அதற்குள் படமெடுக்க மூச்சை நிறுத்தச் சொல்லும் அந்தப் பதினைந்து இருபது நொடியில் மூச்சு தவறினால், உடனே அதே படத்தை மறுபடி எடுக்க வழியில்லை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு அந்த மருந்தையே யோசித்துத்தான் போடுகிறார்கள். ஆகவே, பழக்குவதை மருந்து ஏறுவதற்கு முன்பே முடித்தாக வேண்டும். மூச்சடக்கவே முடியாதவர்களுக்கு வயிற்றில் பட்டை கட்டி, மூச்சின் போக்குக்கு ஏற்ப எடுக்கும் முறையும் உண்டு; நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

நான்கு மணி நேரம் எதுவும் சாப்பிடாதீர்கள் என்கிறார்கள். ஏன் என்று சொல்வதில்லை. குடல் அசைந்தாலும் படம் கலையும் என்று தெரிந்திருந்தால், என் பக்கத்தில் காத்திருந்தவர் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்திருக்க மாட்டார்.

வேலூர் காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில்கூடப் பலகைகள் இருக்கின்றன. சிகிச்சைக்கு வரும் வெளிமாநிலத்தாருக்கு அவர்கள் மொழியில் சொல்வது நியாயமே, குறைசொல்லவில்லை. ஆனால் முதல் மையத்தில் எனக்குப் பின் உள்ளே போன, அணைக்கட்டு என்ற ஊரைச் சேர்ந்த பாட்டி, வெளியே வந்து மகளிடம் கேட்டார்: "உள்ளே ஒருவர் பேசிக்கொண்டே இருந்தாரே, யாரிடம் பேசினார்?"

அந்தப் பாட்டியைப் போன்றவர்களுக்கு இரண்டு நிமிடம் தமிழில் மூச்சு பழக்கிவிட்டு உள்ளே அனுப்புமாறு, ஸ்கேன் மையங்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

— ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், குடியாத்தம்