கோடியக்கரையின் கதையை எல்லைக்கோட்டிலிருந்து தொடங்க வேண்டாம்

கோடியக்கரை கிராம சபையாருக்கு வணக்கம்.

ஊர் வரலாறு எழுதும்போது 'எல்லையோரக் கிராமம்' என்று ஆரம்பிக்காதீர்கள். பாக் நீரிணையில் இந்திய-இலங்கை எல்லைக்கோடு விழுந்தது 1974-இல். வங்கக் கடலுக்குள் அது நீண்டது 1976-இல். 1974-ஆம் ஆண்டுக் கோட்டின் வடமுனை கரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊரிலுள்ள குழகர் கோயிலோ தேவாரப் பாடல் பெற்ற தலம். கடற்காற்று வீசும் கரையில், அக்கம்பக்கத்தில் ஒரு குடியும் இல்லாமல், துணைக்கு யாரை வைத்துக்கொண்டு இருக்கிறீர் என்று சுவாமியையே கேட்கிறார் சுந்தரர். அன்று கோயிலைச் சுற்றி வீடில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. முதல் பக்கம் அதற்குத்தான்.

பெரியவர்களிடம் 'எந்த வருஷம்?' என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். புயலை வைத்துக் கேளுங்கள்: 1952, 1977, பிறகு 2004 சுனாமி, 2018 கஜா. 'படகுல பாய் போய் எஞ்சின் வந்தது எந்தப் புயலுக்குப் பிந்தி? அப்ப ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா?' இரண்டே கேள்வியில் வருஷம் நெருங்கிவிடும். மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டமாக உட்கார்ந்தால் சத்தமாகப் பேசுகிறவர் சொன்னதே வரலாறாகிவிடும். ஐப்பசி தொடங்கி பங்குனி வரை கரையில் குடிசை போட்டுத் தங்கும் வெளியூர் மீனவர்களை விட்டுவிடாதீர்கள். அக்கரைச் சேதி பாதி அவர்களிடம்தான் இருக்கும்.

கோயிலில் எழுத்துள்ள கல் கண்ணில் பட்டால் எண்ணெய், சுண்ணாம்பு, கம்பி பிரஷ் எதுவும் கூடாது. மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் மணல்வீச்சு கூடவே கூடாது, எழுத்தின் விளிம்பே போய்விடும். மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றிய படி, எடுக்க அறநிலையத் துறையிடம் அனுமதி வாங்குங்கள். நார் பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் கொண்டு கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்தில் இறங்கும்வரை பிரஷ்ஷால் தட்ட வேண்டும். அரை ஈரத்தில் மையை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் மிஞ்சினால் மை ஊறிக் கலங்கும். காய்ந்துவிட்டால் தாள் கிளம்பிவிடும். காற்று எழும்புமுன் விடியற்காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

கலங்கரை விளக்கத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் கட்டுமானம் வேறு, அது சுனாமியில் போயிற்று. வெள்ளைக்காரன் கட்டியது 1902. இப்போது எரியும் 45 மீட்டர் கோபுரம் 1998-இல் வந்தது. மூன்றுக்கும் தனித்தனிப் பலகை வையுங்கள். இரும்புத் தகடு உப்புக்காற்றில் அரித்துப்போகும். கருங்கல்லில் வெட்டச் சொல்லுங்கள்.