நாளை தோஹாவில் குலுக்கல்: நம் அணிக்கு யார் வரலாம்?

நண்பர்களே, வணக்கம். ஆசியக் கோப்பை கால்பந்துப் போட்டிக்கான குலுக்கல் நாளை, 2023 மே 11, தோஹாவில் நடக்கிறது. 24 அணிகள், 6 குரூப். அணிகளை நான்கு தொகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் ஓர் அணியைக் குலுக்கி எடுத்து ஒரு குரூப் அமைப்பார்கள். இந்தியா 4-வது தொகுப்பில் இருப்பதால் மேலே உள்ள மூன்று தொகுப்புகளிலிருந்தும் தலா ஓர் அணி நம்மோடு சேரும். எல்லாமே தரவரிசையில் நம்மைவிட மேலே இருக்கும் அணிகள்தான்.

முதல் தொகுப்பில் ஜப்பான், ஈரான் வேண்டவே வேண்டாம். கத்தார் வந்தால் பரவாயில்லை. 2-வதில் ஜோர்டானோ சீனாவோ வரட்டும், உஸ்பெகிஸ்தான் வந்தால் கஷ்டம். 3-வதில் எனக்குக் கிர்கிஸ்தான்தான் வேண்டும். போன மார்ச்சில்தான் இம்பாலில் அவர்களை 2-0 என்று ஜெயித்தோம்.

ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு இடங்களோடு, சிறந்த நான்கு மூன்றாம் இட அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகும். அதனால் ஒரு வெற்றி, ஒரு டிரா கிடைத்தாலே பெரும்பாலும் போதும். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று அடித்தோம். கடைசி ஆட்டத்தில் பஹ்ரைனோடு டிரா செய்திருந்தாலே அடுத்த சுற்றுக்குப் போயிருப்போம். சார்ஜாவில் 90 நிமிடம் தாண்டி அவர்களுக்கு ஒரு பெனால்டி, எல்லாம் முடிந்தது. அந்த இரவு இன்னும் வலிக்கிறது.

நம் கேப்டன் சுனில் சேத்ரிக்கு 38 வயது. அவருக்கு இதுவே கடைசி ஆசியக் கோப்பையாக இருக்கும் என்று நினைக்கிறேன். பின்னால் தடுப்பாட்டக்காரர் ஜிங்கன் நிதானமாக நின்றால் நமக்கு வாய்ப்பு உண்டு.

குலுக்கல் நேரத்தில் எல்லோரும் குழுவில் இருங்கள். உங்கள் கணிப்பை இன்றிரவுக்குள் போடுங்கள்.