கல்லடியில் நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் பஸ்ஸை நம்பியிருப்போருக்கும் வீதியில் இடம் கேட்டு ஒரு மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

விடயம்: சொந்த வாகனம் இல்லாதவர்கள் நகரத்துக்குள் நடமாட வசதி செய்து தருதல்

மதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

கல்லடியில் வசிக்கும் நான் ஓய்வுபெற்ற தபாற்காரன். 31 வருடங்கள் சைக்கிளில் கடிதம் கொண்டுதிரிந்தவன். எந்த ஒழுங்கையில் எந்த நாய் கடிக்கும் என்பதுவரை இந்த ஊர் எனக்குத் தெரியும். என்னோடு கையொப்பமிட்டிருப்பவர்கள் அயலவர்கள்: மீன் விற்கும் பெண்கள், ஆஸ்பத்திரிச் சிற்றூழியர்கள், ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர், இரண்டு ஆட்டோ ஓட்டுநர்கள். எங்களில் எவரிடமும் கார் இல்லை. பலரிடம் மோட்டார் சைக்கிள் உண்டு, அதற்குக் கட்டவேண்டிய தவணையும் உண்டு. ஆட்டோக்காரர்கள் ஏன் இதில் சேர்ந்தார்கள் என்று தாங்கள் கேட்கக்கூடும். நெரிசலில் நின்று எரியும் பெற்றோலுக்கு யார் கூலி தருவது என்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு மாமிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சீனி வருத்தம், அதோடு முழங்கால் நோவு. மாதம் ஒருமுறை கிளினிக் போகவேண்டும். பஸ் தரிப்பிடம் பிரதான வீதிக்கு அந்தப் பக்கம். நான் சந்திக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் குடையும் மறு கையில் சொப்பிங் பையில் சுற்றிய கிளினிக் கொப்பியுமாக மாமி மஞ்சள் கடவையில் வந்து நின்றார். ஒரு கார் நின்றது. மாமி ஒரு காலை எடுத்து வைத்தார். நின்ற காருக்கும் வீதி ஓரத்துக்கும் இடையால் ஒரு மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு போனது. வைத்த காலைப் பின்னால் எடுத்தார். காருக்குப் பின்னால் நின்ற வான்காரர் ஹோர்னை அமுக்கினார். கார்க்காரரும் எவ்வளவு நேரம்தான் நிற்பார், போய்விட்டார். இப்படி மூன்று முறை. நான் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போவதற்குள் மாமியின் பஸ் வந்து, அந்தப் பக்கம் நின்று, புறப்பட்டும் விட்டது. கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றேன். “வேண்டாம் தம்பி, இனிப் போனால் நம்பர் கிடைக்காது” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தார். பிறகு அந்த வீதியை என் காலடியால் அளந்து பார்த்தேன். பதினாறு அடி வைத்தால் அக்கரை.

மாமியின் அந்தச் செவ்வாய்க்கிழமை எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறாது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. மருந்து எடுக்கவில்லை, அவ்வளவுதான். வீதியில் போன வாகனங்களை எண்ண எந்திரம் உண்டு, ஆள் உண்டு. போகமுடியாமல் வீடு திரும்பியவர்களை எண்ண ஒரு படிவமும் இல்லை. எங்கள் குறை முழுவதும் அந்த எண்ணப்படாத ஆட்களைப் பற்றியதுதான்.

கண்டியிலோ பதுளையிலோ சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்கும். இங்கே ஏற்றம் என்று இருப்பது பாலத்தில் ஏறுவது மட்டும். நகரத்தின் நடுப்பகுதியான புளியந்தீவு பெயரிலேயே தீவு. அது பரந்து போக வாவி இடம் கொடுப்பதில்லை. கல்லடியிலிருந்து சந்தைக்கு அவசரமில்லாமல் மிதித்தால் கால் மணி நேரம். காத்தான்குடிப் பக்கம் போனாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஊரில் பாண் வாங்குவதற்கும் மோட்டார் சைக்கிளை உதைக்கிறோம் என்றால் அது சோம்பல் என்று நானும் பலமுறை திட்டியிருக்கிறேன். ஒருநாள் என் மகன் கேட்டான்: “அப்பா, உங்கள் பேரனைத் தனியே சைக்கிளில் பிரதான வீதிக்கு அனுப்புவீர்களா?” நான் வாயைத் திறக்கவில்லை. அவன் படித்த காலத்தில் ஒரே சைக்கிளில் மூன்று பேராகப் பள்ளிக்கூடம் போய் வந்தவன்.

பிள்ளையைத் தனியே அனுப்பப் பயந்து தகப்பன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறார். எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்கிறார். வசதியுள்ளவர் காரில் கொண்டுவந்து வாசலிலேயே இறக்குகிறார். காலை ஏழேகாலுக்குப் பள்ளி வாசலில் போய் நின்று பார்த்தால், ஒவ்வொருவரும் மற்றவருடைய வாகனத்துக்குப் பயந்துதான் தன் வாகனத்தைக் கொண்டுவந்திருக்கிறார் என்பது விளங்கும்.

பஸ்ஸின் கதியும் இதே சுழல்தான். மாலையில் ஆள் குறைவு என்று கடைசி நடையை நிறுத்துகிறார்கள். அந்த நடையை நம்பி வேலைக்குப் போனவர் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுக்கிறார். அவர் எடுத்ததும் அதற்கு முந்திய நடையிலும் ஓர் ஆசனம் காலி. கொஞ்ச நாளில் அதையும் நிறுத்துவார்கள். வாகனம் எடுக்க வழியில்லாதவர்தான் மிச்சம். எங்களோடு கையொப்பமிட்ட ஒரு சகோதரிக்கு வேலை முடியும்போது இரவு ஏழு மணி. அதன் பிறகு ஆட்டோதான். மாதக் கடைசியில் சம்பளத்தில் எவ்வளவு ஆட்டோவுக்குப் போனது என்று கணக்குப் பார்ப்பதையே விட்டுவிட்டதாகச் சொன்னார். உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளைகள் சிலர் மாலை வகுப்பை நிறுத்திவிட்டார்கள். ஆண்பிள்ளைகள் யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டு போகிறார்கள்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை மக்களின் நிலை இதிலும் கடினம். மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படும்வரை அங்கே ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் வாவியைக் கடந்தோம். ஆசிரியர், நெல் மூட்டை, ஆட்டுக்குட்டி, பிரசவத்துக்குப் போகும் பெண் எல்லோரும் ஒரே மிதவையில். பாதைக்காகக் காத்திருந்து காய்ந்த வெயில் எனக்கும் நினைவிருக்கிறது; பாலம் வந்தது பெரிய காரியம் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் பாதை எல்லோரையும் ஏற்றியது. பாலத்தில் வாகனம் உள்ளவர் இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார், இல்லாதவர் பாலத்தடியில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

வீதியை இன்னும் அகலமாக்கினால் எல்லாம் சரியாகும் என்ற பேச்சு தேநீர்க் கடையிலும் கேட்கிறது, கூட்டங்களிலும் கேட்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தார் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். அங்குள்ள கேட்டி நெடுஞ்சாலையை ஏறத்தாழ 280 கோடி டொலர் செலவில் அகலப்படுத்தி 2008 இல் முடித்தார்கள். பக்க வீதிகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 தடங்கள். இடம் கிடைத்ததும் வாகனமும் கூடியது. வேலைக்குப் போய்வரும் நேரத்தில் 2011 இல் எடுத்ததைவிட 2014 இல் கூடுதலான நேரம் எடுத்தது. எங்கள் ஊர் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு கீலம் மணல். நாங்கள் 26 தடத்துக்கு எங்கே போவது?

கச்சேரி என்னும் மாவட்ட அரசாங்க அலுவலகம் நெடுங்காலம் இயங்கிய எங்கள் கோட்டையை 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள் ஒல்லாந்தர். அவர்களுடைய நாடும் தட்டையானது, தண்ணீர் சூழ்ந்தது. சைக்கிள் அவர்களுக்குப் பிறவிக் குணம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அவர்களும் ஒரு காலத்தில் காருக்கு ஊரைத் திறந்துவிட்டவர்கள்தாம். உட்ரெக்ட் நகரில் பழைய அகழி ஒன்றின் ஒரு பகுதியை வற்றவைத்து அதில் வாகன வீதியே போட்டார்கள். 1971 இல் மட்டும் அந்நாட்டு வீதிகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று தாய் தகப்பன்மார் வீதியில் இறங்கினார்கள். 1973 இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. கார் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளை அரசாங்கமே அறிவித்தது. இன்று உலகம் பார்க்கும் சைக்கிள் தடங்களில் பெரும்பாலானவை அதன் பிறகு போடப்பட்டவை. உட்ரெக்ட் அகழியிலும் வீதியைப் பெயர்த்தெடுத்து 2020 இல் மறுபடி தண்ணீர் விட்டுவிட்டார்கள்.

எங்களுக்கும் ஓர் எண்ணெய் நெருக்கடி வந்தது. 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அதற்கும் நாட்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் அட்டை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களையெல்லாம் மக்கள் வெளியே எடுத்தார்கள். ரயரும் ரியூப்பும் யானை விலை. சைக்கிள் திருத்துகிறவர் கடை வாசலில் கலியாண வீடு மாதிரிக் கூட்டம். அந்த நாட்கள் திரும்ப வரவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. காஸும் மருந்தும் இல்லாமல் பட்ட பாடு போதும். ஆனால் அந்த மாதங்களில் மாமி பிரதான வீதியைத் தனியாகக் கடந்தார். அதை என் கண்ணால் பார்த்தேன். பெற்றோல் வந்தது, 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியையும் 2025 இல் திறந்துவிட்டார்கள், சைக்கிள்கள் மறுபடி கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்விட்டன.

இனி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். சந்தியிலும் பள்ளிகளின் முன்னாலும் உள்ள மஞ்சள் கடவைகளை வீதி மட்டத்திலிருந்து சற்று உயர்த்திக் கட்டித் தரவேண்டும். வாகனம் தானாகவே வேகம் குறைக்கும். பொலிசார் நாள் முழுதும் நிற்கத் தேவையில்லை. நடுவில் ஒரு சிறு திட்டு இருந்தால் முழங்கால் நோவுள்ளவர் பாதி கடந்து, மூச்சுவிட்டு, மீதியைக் கடப்பார். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் வேகம் 30 கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது என்று பலகை வைக்கவேண்டும். 50 இல் வரும் வாகனம் 30 இல் வருவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு சக்தியோடு மோதும். இது வெறும் கணக்கு, வாதாட ஒன்றுமில்லை.

நடைபாதையில் உடைந்த வடிகான் மூடிகளை மாரிக்கு முன்னர் மாற்றவேண்டும். வெள்ளம் ஏறிவிட்டால் மூடி எது, குழி எது என்று தெரியாது. நிறுத்திவைத்திருக்கும் வாகனங்களையும் கடைப் பலகைகளையும் அகற்றவேண்டும். இதைச் சொல்லும்போது ஒரு பயமும் இருக்கிறது. நடைபாதையைத் துப்புரவாக்குகிறோம் என்று வருகிறவர்கள் முதலில் விரட்டுவது மரக்கறி விற்கும் பெண்களைத்தான். அவர்களைத் தொடவேண்டாம். அவர்களால் எங்களுக்கு இடைஞ்சல் இல்லை. சுற்றி நடந்துபோகிறோம், போகிற வழியில் இரண்டு கட்டுக் கீரையும் வாங்குகிறோம். மரங்களையும் வெட்டவேண்டாம். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் நிழலில்லாத வீதியில் பகல் இரண்டு மணிக்கு நடந்து பார்த்தவருக்கு அதன் காரணத்தைச் சொல்லத் தேவையில்லை.

பஸ் விடயத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. மாணவருக்குச் சிசு சரிய, கிராமங்களுக்குக் கெமி சரிய, இரவுக்கு நிசி சரிய என்று ஆள் குறைந்த நடைகளுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கும் திட்டங்களைத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு ஏற்கெனவே வைத்திருக்கிறது. நகரத்திலிருந்து இரவு ஏழரைக்குப் பிறகு காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக ஒரு நடை, மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைக்கு ஒரு நடை. இவற்றை அந்தத் திட்டங்களுக்குள் கொண்டுவரச் சிபாரிசு செய்யுமாறு கேட்கிறோம். மாகாணத்துக்குள் ஓடும் பஸ் மாகாணத்தின் பொறுப்பு, வீதி இன்னொரு திணைக்களம், நடைபாதை இன்னொரு சபை என்று எங்களை அனுப்பி அனுப்பிக் களைத்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே மேசையில் அமர்வது தாங்கள் கூட்டும் மாவட்டக் கூட்டத்தில்தான். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஓர் இடம் தரவேண்டும். நகரத்துக்கு வெளியே மலிவான காணியில் ஏதாவது அலுவலகம் கட்டும் யோசனை வந்தால், அங்கே பஸ் போகுமா என்ற கேள்வியையும் அதே மேசையில் யாராவது கேட்கவேண்டும். வாகனத் தரிப்பிடம் எவ்வளவு என்பதை எப்படியும் கேட்டுவிடுவார்கள்.

கல்லடிப் பழைய பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1924 இல் கட்டிய அந்த இரும்புப் பாலத்தில் எதிரே பஸ் வந்தால் நான் சைக்கிளோடு கம்பியில் ஒட்டிக்கொண்டு நிற்பேன். 2013 இல் புதிய பாலம் திறந்த பிறகுதான் அதற்கு ஓய்வு கிடைத்தது. அதை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று எழுத்தில் ஒதுக்கி, இரு முனையிலும் மோட்டார் சைக்கிள் நுழையாதபடி கட்டைகள் நட்டு, இரவில் விளக்கும் போட்டால் கல்லடிக்கும் நகரத்துக்கும் இடையில் பிள்ளைகளை நம்பி அனுப்ப ஒரு வழி கிடைக்கும். தூண்டில் போடுகிறவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக, அந்தப் படிவம். கிராம உத்தியோகத்தர்கள் மூலம் எங்கள் பிரிவில் ஒருமுறை வீடு வீடாகக் கேட்டுப் பார்க்கவேண்டும்: போகவேண்டிய இடத்துக்கு வாகனம் இல்லாததால் போகாமல் விட்டது உண்டா, எங்கே, எத்தனை முறை. ஆள் பற்றாக்குறை என்றால் நான் போகிறேன். சைக்கிள் இருக்கிறது, வீடுகளும் தெரியும், சம்பளம் வேண்டாம்.

இங்ஙனம்,
கல்லடி வாழ் பொதுமக்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற தபாற்காரன்.

பிரதிகள்:
பிரதேச செயலாளர், மண்முனை வடக்கு
ஆணையாளர், மாநகர சபை, மட்டக்களப்பு
நிறைவேற்றுப் பொறியியலாளர், வீதி அபிவிருத்தி அதிகார சபை, மட்டக்களப்பு