கோத்தகிரி வீட்டுக்கு எந்த ரெக்கார்டர்?

கோத்தகிரி,
ஐப்பசி மழைக்கு நடுவே.

அன்புள்ள ரமணி,

கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்பதில் எனக்கும் சந்தோஷம். இங்கே வடகிழக்கு மழை பிடித்துக்கொண்டது. கூடலூர்க்காரர்கள் ஆடியில் வாங்கும் மழையை நாங்கள் ஐப்பசி, கார்த்திகையில் வாங்குகிறோம். இங்கே உன் அப்பா அம்மா வீட்டில் டிவி சீரியலைப் பதிவு செய்துவைக்க எந்தப் பாக்ஸ் வாங்கலாம் என்று நீ கேட்டதற்கும் இதுதான் சரியான பருவம். இந்த மழையில் ஒழுங்காகப் பதிவு செய்கிற பாக்ஸ் வருஷம் முழுக்கச் செய்யும்.

நீ அனுப்பிய அட்டவணையில் எத்தனை ஜிபி, என்ன விலை, எந்த ஆப் எல்லாம் இருக்கிறது. எத்தனை ரிமோட் என்ற கேள்விதான் இல்லை. அப்பாவும் அம்மாவும் இப்போது பார்க்கும் அதே டிடிஎச் கம்பெனியில் பதிவு வசதியுள்ள செட்டாப் பாக்ஸ் கொடுக்கிறார்களா என்று முதலில் கேள். இருந்தால் தேடலை அங்கேயே நிறுத்திக்கொள். சேனல் நம்பர் மாறாது, ரிமோட்டும் கிட்டத்தட்ட பழையது போலவே இருக்கும். இது புது சரக்கும் இல்லை. டாடா ஸ்கை 2008-லேயே உள்ளே ஹார்ட் டிஸ்க் வைத்த ப்ளஸ் பாக்ஸைக் கொண்டுவந்தது. இன்று ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருக்கும் மாடல் கிடைப்பது கஷ்டம். பின்னால் பென் டிரைவ் செருகிப் பதிவு செய்யும் மாடல்தான் அதிகம் கைக்கு வரும். பதிவு வசதியைத் திறந்துவிடத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுக்கொள்.

‘டிவியிலேயே யூஎஸ்பி ரெக்கார்டிங் இருக்கிறதே’ என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பி டிவி வாங்காதே. அந்த வசதி டிவிக்குள் இருக்கும் ட்யூனரில், அதாவது சேனலைப் பிடித்துத் தரும் பகுதியில், வருவதை மட்டும்தான் பதியும். உங்கள் வீட்டில் படம் வருவது பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக. அந்தப் பக்கம் வருவதைப் பதிய டிவி ஒத்துக்கொள்ளாது. டிடி தமிழ், இலவச டிஷ் சேனல்கள் போதும் என்கிற வீடாக இருந்தால் யூஎஸ்பி உள்ள இலவச டிஷ் பாக்ஸ் தாராளமாகப் போதும். ஆனால் அம்மாவுக்கு வேண்டியது சாயங்காலச் சீரியல்கள்.

மொபைல் ஆப், ஸ்மார்ட் டிவி என்பதும் எனக்குச் சம்மதமில்லை. ஓடிடி-யில் அத்தனை சீரியலும் கிடக்கிறது, உண்மைதான். ஆனால் மாதத்தில் ஒரு நாள் ‘மறுபடி லாகின் செய்யவும்’ என்று வந்து நிற்கும். ஓடிபி உன் போனுக்கு வரும், நீ மீட்டிங்கில் இருப்பாய்.

பாக்ஸ் எடுக்கும்போது எத்தனை ட்யூனர் என்று கேள். ஒரே ட்யூனர் என்றால் எட்டு மணி சீரியல் பதிவாகிக்கொண்டிருக்கையில் அப்பா செய்திக்கு மாற்ற முடியாது. மாற்றினால் ‘பதிவை நிறுத்தவா?’ என்று திரையில் வரும். அவர் படிக்காமல் ஓகே அழுத்துவார். குடும்பச் சண்டைக்கு இவ்வளவு போதும். இரட்டை ட்யூனர் எடுத்தால் பெரும்பாலும் டிஷ்ஷிலிருந்து இரண்டு கேபிள் வர வேண்டும், டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்என்பி-யும் இரண்டு வாய் உள்ளதாக இருக்க வேண்டும். மாட்ட வருகிற பையன் பழைய ஒற்றைக் கேபிளிலேயே இணைத்துவிட்டுப் போய்விடுவான். அன்றைக்கு எல்லாம் சரியாக ஓடும். பிறகு குறிப்பிட்ட சில சேனல்கள் மட்டும் பதிவாகாது, ஏன் என்று யாருக்கும் புரியாது. இரண்டு கேபிளையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்.

இடக் கணக்கு சுலபம். சாதாரண சேனல் மணிக்கு சுமார் 1 ஜிபி, எச்டி என்றால் 2.5 முதல் 3 வரை. நாளுக்கு நாலு அரைமணிச் சீரியல், வாரத்தில் ஆறு நாள் என்றால் 12 மணி நேரம். எச்டி-யில் பார்த்தாலும் 36 ஜிபி-க்குள் முடியும், ஆக 128 ஜிபி பென் டிரைவ் தாராளம். பாக்ஸ் பென் டிரைவை ஏற்காமல் ஹார்ட் டிஸ்க்தான் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். சின்ன ஹார்ட் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது இழுக்கும் கரண்ட், பாக்ஸின் யூஎஸ்பி 2.0 வாய் தரும் 500 மில்லி ஆம்பியரைத் தாண்டலாம். அப்போது ‘டிக், டிக்’ என்று சத்தம் வரும், பதிவு பாதியில் நிற்கும். பாக்ஸ் எதைச் செருகினாலும் பெரும்பாலும் முதலில் ஃபார்மேட் செய்யும், உள்ளே இருப்பது அத்தனையும் அழியும். கல்யாண போட்டோ உள்ள டிரைவை யாரும் கொண்டுபோய்ச் செருகிவிடக் கூடாது. பதிவானதை லேப்டாப்பிலும் பார்க்க முடியாது, அந்தப் பாக்ஸுக்கு மட்டும்தான் திறக்கும். பாக்ஸ் மாறினால் பழையதெல்லாம் போச்சு.

இங்கே பதிவைக் கெடுப்பது டெக்னாலஜி இல்லை, சுவிட்ச் போர்டு. டிவியும் பாக்ஸும் ஒரே சுவிட்சில் இருக்கும், ராத்திரி படுக்கப் போகும்போது அப்பா அதை அணைத்துவிடுவார். நம் ஊரில் எல்லா வீட்டிலும் இதே பழக்கம்தான். பதிவுக்கு டிவி ஓட வேண்டியதில்லை, பாக்ஸ் மட்டும் ஸ்டான்ட்பையில் உயிரோடு இருந்தால் போதும். அதற்குத் தனி பிளக் பாயின்ட் கொடுத்து, சுவிட்ச் மேல் செல்லோ டேப் ஒட்டிவிடு. இடி வரும்போல் இருந்தால் மட்டும், அது தொடங்கும் முன்பே பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றச் சொல். அன்றைய சீரியல் போனால் போகட்டும், மின்னல் டிஷ் வழியாக இறங்கினால் பாக்ஸும் டிவியும் சேர்ந்து போகும்.

கரண்ட் போவதற்கு ரவுட்டருக்கு வைக்கிற மினி யூபிஎஸ் ஒன்று போதும். பாக்ஸ் அடாப்டரின் பின்னால் எழுதியிருப்பதைப் பார், பெரும்பாலும் 12 வோல்ட், 1.5 அல்லது 2 ஆம்பியர். யூபிஎஸ்ஸும் 12 வோல்ட் தர வேண்டும், ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஸ்டான்ட்பையில் சாதுவாக இருந்துவிட்டு, பதிவு தொடங்கும் நேரம் பார்த்து பாக்ஸ் அணைந்து எழும். பின்னின் தடிமனையும் நடுவில் ப்ளஸ் என்பதையும் சரிபார்த்துக்கொள். 8800 எம்ஏஎச் போட்டது புதிதில் இரண்டு மணி நேரம் தாங்கும். மாட்டிய அன்றே ஒரு பதிவை ஓடவிட்டு, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடு.

மழைக்கும் மூடுபனிக்கும் வருகிறேன். மேகம் கனத்தால் சிக்னல் வலு குறைவதை யாரும் தடுக்க முடியாது, கையில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளலாம். வானம் வெளுத்திருக்கும் நாளில் மெனுவில் ‘தரம்’ என்ற பட்டையைப் பார்த்தபடி டிஷ்ஷை நகர்த்தி, அது உச்சத்தில் நிற்கும் இடத்தில் நட்டை முறுக்கச் சொல். ‘வலு’ பட்டையைப் பார்த்துத் திருப்புகிறவனை நம்பாதே. 60 செ.மீ. தட்டை 90 ஆக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்கு, சாதாரண மழைக்குப் படம் விட்டுப்போகாது. இங்கே டிஷ் தென்கிழக்கு பார்த்திருக்கும், போன தடவை மாட்டிய பிறகு அந்தப் பக்கத்துச் சில்வர் ஓக் மரம் அதை மறைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். கேபிள் எல்என்பி-யில் சேரும் இடத்துக்கு ரப்பர் உறை போட்டு, கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு இறக்கினால் தண்ணீர் உள்ளே ஊறாது. குரங்கு ஏறி உட்காராத இடம் என்று ஒன்று நம் மலையில் கிடையாது, ஆகவே நட்டு இறுக்கமாக இருக்கட்டும்.

இனி செட்டிங். வழிகாட்டிப் பட்டியலில் சீரியல் பெயரைத் தொட்டு ‘தொடர் முழுவதும்’ என்று போடலாம், நான் போட மாட்டேன். மகாசங்கமம் என்று இரண்டு சீரியலைச் சேர்த்து வேறு பெயரில் ஒரு மணி நேரம் போடும் வாரத்தில் அது கோட்டை விட்டுவிடும். திங்கள் முதல் சனி வரை 7.58-லிருந்து 10.05 வரை ஒரே நீளமாகக் கைமுறை டைமர் போடு. அரைமணிக்கு ஒன்றாக, முன்னும் பின்னும் சில நிமிஷம் கூட்டிப் போட்டால் ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் ஏறி இரண்டாவது ரத்தாகும். ஒரு வாரத்துக்கு மேல் பழையது தானாக அழியட்டும். நேரலையை நிறுத்தி வைக்கும் வசதியை அணைத்துவிடு. அது இருந்தால் பென் டிரைவில் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், சூடேறி சீக்கிரம் கெடும்.

டிவி மெனுவில் ‘ஆன் ஆகும்போது எந்த இன்புட்’ என்பதை எச்டிஎம்ஐ 1 என்று வைத்துவிடு, டிவி ரிமோட்டை அலமாரிக்குள் போடு. பாக்ஸ் ரிமோட்டில் பட்டியல், ஓகே, பின்செல் என்ற மூன்று பட்டனுக்கும் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றொன்று ஒட்டு, மூன்றும் வேறு வேறு நிறத்தில்.

‘படமே வரல’ என்று போன் வந்தால் ஒன்று மட்டும் கேள்: திரையில் கம்பெனி பெயரோ நம்பரோ தெரிகிறதா? தெரிந்தால் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, டிஷ் பக்கம் கோளாறு, மழை விடும்வரை காத்திருக்கலாம். வெறும் கறுப்பில் ‘நோ சிக்னல்’ மட்டும் நகர்ந்துகொண்டிருந்தால் பாக்ஸ் அணைந்திருக்கும், அல்லது யாரோ இன்புட்டை மாற்றியிருப்பார்கள்.

வாங்குவதற்கு முன் இப்போதைய பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளையும் அடாப்டர் லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். டிஷ்ஷில் எத்தனை கேபிள் என்று நானே வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்து எழுதுகிறேன்.

உன்,
தேவகி