மண்ணும் கல்லும் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

இந்தக் கல்வியாண்டு முழுவதும் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் பாறை, மண், ஆறு, நிலத்தடி நீர் பற்றிய பாடங்களைக் கையால் செய்து பார்த்தே படித்தார்கள். அதற்கு வேண்டிய ஒவ்வொரு பொருளும் உங்களில் யாரோ ஒருவர் கொடுத்தது. பொருளை விடப் பெரிதாக, உங்கள் தொழிலில் நீங்கள் கண்டுவைத்திருந்ததை வகுப்பில் வந்து நின்று சொல்லிக் கொடுத்தீர்கள். விடுமுறைக்குப் பள்ளியைப் பூட்டுவதற்கு முன் உங்களுக்கு நன்றி சொல்லியாக வேண்டும். எல்லார் வீட்டுக்கும் நேரில் வர ஆசைதான். அது முடியாததால் இந்த மடல்.

அரியலூர் மாவட்டத்தில் இந்தப் பாடம் நடத்துகிற ஆசிரியருக்கு, மற்ற பல ஊர்களில் இல்லாத வசதி உண்டு. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கே ஏறி வந்தது. பிறகு பின்வாங்கியது, மறுபடியும் ஏறியது. சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் சுண்ணாம்புக்கல்லில் அந்தக் கடலின் சிப்பிகள் அப்படியே இருக்கின்றன. 1860களில் பிளான்ஃபோர்ட் என்ற நிலவியலாளர் இந்தப் பகுதியை ஆராய்ந்து எழுதினார். இங்குள்ள பாறைத் தொகுதிகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் பக்கத்துப் பெயர்கள்தான். இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் அதே பெயர்களைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த பிள்ளைகள், புதைபடிவம் என்றால் என்ன என்பதை இரண்டு மதிப்பெண் விடையாக மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆதங்கத்தை எங்கெல்லாம் போய்ச் சொன்னேனோ, அங்கெல்லாம் உதவி கிடைத்தது.

முதலில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு நன்றி. வெடி வைக்கிற இடம் என்பதால் பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போக முடியாது. அதனால் மேலிடத்தில் அனுமதி வாங்கி, கழிவாகக் கொட்டிய கற்களிலிருந்து சிப்பி பதிந்தவற்றைப் பொறுக்கிப் பள்ளிக்கே கொண்டுவந்து இறக்கினீர்கள். உங்களோடு வந்த நிலவியலாளர் தம்பி, எந்த இடத்தில், எந்த அடுக்கில் எடுத்தது என்று ஒவ்வொரு கல்லிலும் எண் போட்டு, நோட்டில் பதியச் சொன்னார். அந்த நோட்டு இப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பொறுப்பில் இருக்கிறது. கல்லைக் கையில் எடுப்பவர் நோட்டையும் எடுக்க வேண்டும் என்று அவர்களாகவே ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

சுண்ணாம்புக்கல்லை ஆணியால் சுரண்டி, அந்தத் தூள்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தார்கள். பொங்கி நுரைத்தது. பெரம்பலூர் பக்கத்து ஜல்லிக் குவாரியிலிருந்து வந்த கருங்கல்லில் அப்படி எதுவும் நடக்கவில்லை. எந்தக் கல் நுரைக்கிறது, எது நுரைக்கவில்லை, ஏன் என்று வாரக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் எலுமிச்சம்பழம் காணாமல் போனதாகச் சொன்ன அம்மாக்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி! ஒன்றையும் இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாத்தனூர் கல்மரப் பூங்காவுக்குப் போனபோது அங்கிருந்து ஒரு சில்லைக்கூட நாங்கள் எடுக்கவில்லை. கல்லாக மாறிப்போன, 18 மீட்டருக்கு மேல் நீளமான அந்த மரத்தைக் கண்ணால் பார்த்து, அளந்து, வரைந்துகொண்டு திரும்பினோம். பிள்ளைகள் பெரியவர்களாகி அவர்கள் பிள்ளைகளோடு போகும்போதும் அது அங்கே முழுதாக இருக்க வேண்டும்.

அப்புறம் ஜிப்சம். காரை என்ற ஊருக்குப் பக்கத்து விவசாயி அண்ணன் ஒருவர், உழும்போது கிடைத்த ஜிப்சத் துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு அனுப்பியிருந்தார். இந்த ஆண்டின் செயல்பாடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதை வைத்துச் செய்ததுதான். ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 21 சதவீதம் தண்ணீர். அதைப் புத்தகத்தில் படித்தால் எந்தப் பிள்ளைக்கும் நம்பிக்கை வராது, அது உலர்ந்த கல்லாயிற்றே. சத்துணவுக்கூட அக்காக்கள், கழித்துப்போட்ட இருப்புச்சட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கித் தந்தார்கள். சமையல் முடிந்த பிறகு அடுப்பையும் விட்டுக் கொடுத்தார்கள். நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் தன் மின்னணுத் தராசோடு நேரில் வந்தார்.

சரியாக 100 கிராம் ஜிப்சத்தை இடித்துச் சட்டியில் போட்டு, தணலைக் குறைத்து, மெதுவாக வறுத்தோம். ஓர் அக்கா குளிர்ந்த எவர்சில்வர் தட்டைத் தூக்கி மேலே பிடித்தார். தட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆறவைத்துப் பத்தர் தராசில் வைத்தபோது எடை 84 கிராமுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இருந்த தண்ணீரில் முக்கால் பங்கு போய்விட்டது, மிச்சம்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைத்தால் இறுகுகிறது, இறுகும்போது சுடுகிறது. கடையில் பாக்கெட்டாக வாங்கும் வெள்ளைப் பொடி, நம் மண்ணிலிருந்து நம் பள்ளி அடுப்பில் வந்தது.

அந்தப் பொடியை வைத்து என்ன செய்தோம் என்பதைக் குயவர் வீட்டு அண்ணன் நன்றாக அறிவார். அவர் பிசைந்து கொண்டுவந்த களிமண்ணில் அம்மோனைட்டையும் (சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடல் விலங்கின் புதைபடிவம்) சிப்பியையும் அழுத்தி எடுத்து, பதிந்த குழியில் பிளாஸ்டரை ஊற்றினோம். உயிர் அழுகிப் போன பிறகும் அதன் வடிவம் எப்படிக் கல்லில் தங்குகிறது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. களிமண்ணில் காற்றுக் குமிழ் இல்லாமல் பிசைய வேண்டும், இல்லையென்றால் கோடுகள் சரியாக விழாது என்று அவர் பிள்ளைகளின் கையைப் பிடித்துக் காட்டினார். அவர் சொன்ன அந்தப் பக்குவம் எங்கள் பாடப்புத்தகத்தில் கிடையாது.

போர் போடும் ரிக் வண்டி அண்ணன்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பள்ளிக்குப் பின்னால் உள்ள நிலத்தில் போர் போட்டபோது, பத்தடிக்கு ஒரு கைப்பிடி மண் எடுத்து, ஆழத்தைச் சீட்டில் எழுதிப் பையில் போட்டு வைத்தார்கள். இரவு முழுவதும் வண்டி ஓடியபோதும் ஒரு பை விடாமல் எடுத்திருந்தார்கள். கொத்தனார் ஒருவர் மட்டம் பார்க்கும் டியூபில் ஒரு நீளத் துண்டைக் கொடுத்தார். அடிக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் அந்த மண்ணை வரிசை மாறாமல் டியூபுக்குள் நிரப்பிச் சுவரில் நிறுத்தியிருக்கிறோம். மேலே கரிசல், அடுத்து மஞ்சள் களி, மணல், அதற்கும் கீழே சிப்பித் தூள் கலந்த சாம்பல் நிறக் களி. தண்ணீர் எங்கே கிடைத்தது என்று காட்டச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட மணல் அடுக்கில் விரல் வைக்கிறது. களிமண்ணும் நிறையத் தண்ணீர் குடிக்கும், ஆனால் அதை வெளியே விடாது என்பதைச் சரளை, மணல், களி நிரப்பிய மூன்று பாட்டில்களில் தண்ணீர் ஊற்றி அவர்களே முன்பு பார்த்திருந்தார்கள். ரிக் ஓட்டும் அண்ணன் வகுப்புக்கு வந்து, மண் மாறும்போது வண்டியின் சத்தம் எப்படி மாறும் என்று வாயாலேயே ஒலி எழுப்பிக் காட்டினார். அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மண் பாட்டில் சோதனைக்குப் பல ஊர் விவசாயிகள் மண் அனுப்பினீர்கள். பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் சில மணி நேரத்தில் இறங்கும். களி மட்டும் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். இதைப் பார்த்த ஒரு பிள்ளையின் பாட்டி, தன் சேலை முடிச்சிலிருந்து தேற்றாங்கொட்டையை எடுத்துச் சட்டியின் உட்பக்கத்தில் உரசி, அந்தக் கலங்கல் தண்ணீரை அதில் ஊற்றச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் திரி திரியாகச் சேர்ந்து கீழே இறங்க ஆரம்பித்தது. களித் துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. கொட்டையிலிருந்து வரும் பொருள் அவற்றைச் சேர்த்துக் கட்டுகிறது. ஏன் என்பதை நான் சொன்னேன். எப்படி என்பதைக் காட்டியவர் பாட்டி. அவருக்கு என் வணக்கம்.

ஆசாரி அண்ணன் செய்து கொடுத்த ஓடைத் தொட்டியைப் பார்க்காத பெற்றோர் ஒருமுறை வந்து பாருங்கள். ஆறடி நீளப் பலகைத் தொட்டி, உள்ளே தார்ப்பாய், அதன்மேல் மணல். மருந்துக்கடையில் கொடுத்த சலைன் டியூப் வழியாக வாளித் தண்ணீர் சொட்டுகிறது. அதன் சக்கரத்தைத் திருகினால் தண்ணீரைக் கூட்டலாம், குறைக்கலாம். தலைமாட்டில் ஒரு செங்கல் வைத்தால் ஓடை வளைந்து வளைந்து போகிறது. மூன்று செங்கல் வைத்தால் நேராக அரித்துக்கொண்டு ஓடுகிறது. கடைசியில் தேங்கும் இடத்தில் விசிறியாக மணல் படிகிறது. கொள்ளிடக்கரையிலிருந்து வரும் ஒரு மாணவி, வளைவின் வெளிப்பக்கம் அரிபடுவதையும் உள்பக்கம் மணல் சேர்வதையும் பார்த்துவிட்டு, அவள் ஊரில் எந்தக் கரை ஏன் சரிகிறது என்று படம் போட்டு விளக்கினாள். அவளுடைய அப்பா மறுநாளே வேரோடு நாணல் கொண்டுவந்து அந்த வளைவில் நடச் சொன்னார். நட்டோம். கரை நின்றது.

எரிமலைக்கு ஒரு மாதிரி ஏன் செய்து காட்டவில்லை என்று சிலர் கேட்டீர்கள். சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பொங்கவைத்தால் கைதட்டல் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எரிமலை அப்படிப் பொங்குவதில்லை. பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் வாயு, அழுத்தம் குறையும்போது குமிழாகி, குழம்பை மேலே தள்ளுகிறது. பெட்டிக்கடை அண்ணாச்சி கொடுத்த கோலி சோடாவைக் குலுக்கி உடைத்தபோது பிள்ளைகள் கண்டது அதற்கு நெருக்கமானது. சோடாவுக்குக் காசு வாங்க மறுத்த அண்ணாச்சிக்கு நன்றி.

கயிற்றுக் கடைக்காரருக்கும் தையல்கடை அக்காவுக்கும் நன்றி. பூமியின் வயது 460 கோடி ஆண்டு. அதை 46 மீட்டர் கயிறாக மைதானத்தில் நீட்டி, துண்டுத் துணிகளை அடையாளமாகக் கட்டினோம். ஒரு மீட்டர் என்றால் பத்து கோடி ஆண்டு. பூமி பிறந்த முனையிலிருந்து நடந்தார்கள். பத்துப் பதினோரு மீட்டர் தாண்டித்தான் நுண்ணுயிர். அதன் பிறகும் நடை, நடை, வெறும் நடை. “இன்னும் ஒண்ணும் வரலையே டீச்சர்” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஓடுள்ள கடல் விலங்குகள் பரவியது கயிற்றில் கடைசி ஐந்தரை மீட்டருக்குள்தான். சாத்தனூர் மரம் இன்றைய நாளைக் குறிக்கும் முனையிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்கும் குறைவு, டைனோசர்கள் அழிந்தது 66 சென்டிமீட்டர், மனிதர்கள் வந்தது மூன்று மில்லிமீட்டர். கங்கைகொண்ட சோழபுரத்துக்கான துணியை எங்கே கட்டுவது என்று ஒருத்தி கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆயிரம் ஆண்டு என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கட்டுவதற்குக் கயிற்றில் இடமே இல்லை.

சேறும் சுண்ணாம்பும் அப்பிய சீருடைகளை முகம் சுளிக்காமல் துவைத்த அம்மாக்களுக்கும், செய்முறை நாட்களில் இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துத் தந்த தலைமையாசிரியைக்கும் மிக்க நன்றி. தன் பாடவேளையை விட்டுக் கொடுத்த கணக்கு ஆசிரியர் எடை, சராசரி, அளவுத்திட்டம் எல்லாவற்றையும் இங்கேயே நடத்தி முடித்துவிட்டார்.

இரவல் வாங்கிய தராசும் கைலென்சுகளும் இந்த வாரமே வந்து சேரும். ஓடைத் தொட்டியைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஆசாரி அண்ணன் சொல்லிவிட்டார். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மழைமானி செய்யப் போகிறோம். அதற்கு ஒரே அளவிலான, வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிப் பாட்டில்கள் தேவை. விடுமுறையில் வெளியூர் போகிறவர்கள், எடுக்கத் தடையில்லாத இடமாகப் பார்த்து உள்ளங்கை அளவில் ஒரு கல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவாருங்கள். ஊர்ப் பெயரையும், ஆற்றங்கரையா, மலையடியா, வயலா என்பதையும் சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள். நோட்டில் பதிய ஒன்பதாம் வகுப்பு காத்திருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
அறிவியல் ஆசிரியை,
அரசு உயர்நிலைப் பள்ளி,
அரியலூர் மாவட்டம்.