ஓட்டத்தைத் தண்டனையாக்காதீர்கள்: தலைமை ஆசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் தாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். மகள் படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன்.

லேட்டாக வந்தால் நாலு ரவுண்டு. ஹோம்வொர்க் முடிக்கவில்லையா, ஆறு ரவுண்டு. பிரேயரில் பேசியவனுக்குப் பத்து. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளி சொல்லிக்கொடுக்கும் ஓட்டம் இவ்வளவுதான். ஓடுவது என்றாலே தப்பு செய்தவன் வேலை என்று பதின்மூன்று வயதுக்குள் மனதில் ஏறிவிடுகிறது. இம்போசிஷன் எழுதி எவருக்கும் கையெழுத்தின் மேல் ஆசை வந்ததில்லை. அதே பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போது, பிரஷர் மாத்திரையை நீட்டி, "தினமும் வேகமா நடங்க" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு ஈ.சி.ஜி. எடுத்து, மாரடைப்பு என்று தெரிந்தால் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் மூன்றையும் கொடுத்து 108இல் ஏற்றுகிறோம். 2023இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம் அது. நல்ல திட்டம்தான். ஆனால் ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவது பலருக்குப் பதின்ம வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அந்த வயதில் அவர்கள் எங்களிடம் வருவதில்லை. உங்கள் கிரவுண்டில் இருக்கிறார்கள்.

கிரவுண்டில் என்றா சொன்னேன்? பி.டி. பீரியட் என்று டைம்டேபிளில் இருப்பதில் பாதி, கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்றால் கேட்கவே வேண்டாம். மிஞ்சியதில் ஸ்கூல் டீமில் இருக்கும் பையன்கள் வாலிபால் ஆடுவார்கள். மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். எட்டாம் வகுப்பு வரை ஓடிப்பிடித்து விளையாடிய பெண்கள், சுடிதாரும் ஓவர்கோட்டும் வந்தபின் டீம் பையன்களின் பைகளுக்குக் காவல். இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 146 நாடுகளின் கணக்கை எடுத்து 2019இல் வெளியிட்டது. 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. பையன்களில் 78, பெண்களில் 85. நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்பது அளவு.

பத்தாம் வகுப்பு அறிவியலில் ரத்த ஓட்டம் பாடமாக இருக்கிறது. இதயத்தின் ஒரு சுழற்சிக்கு 0.8 வினாடி என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். படம் வரைந்து, சிவப்பு நீலம் தீட்டி, இடது வெண்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) சுவர் தடிமன் என்று பாகமும் குறிப்பார்கள். தன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

ஒரு சாயங்காலம் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். இடது உள்ளங்கையை மேலே திருப்பி வைத்து, கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாக வைக்கச் சொன்னேன். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதன் துடிப்பே குழப்பிவிடும். "எனக்கு இல்ல மிஸ்" என்று ஒரு பையன் பயந்தேவிட்டான். அழுத்திப் பிடித்திருந்தான், பாவம். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினார்கள். பெரும்பாலும் எண்பதுகளில் வந்தது. பிறகு மூன்று நிமிடம் ஸ்கிப்பிங், கயிறு இல்லாதவர்கள் நின்ற இடத்திலேயே குதித்தார்கள். உடனே எண்ணியபோது நூற்றைம்பதைத் தாண்டியவர்கள் பலர். ஒரு நிமிடம் விட்டு மறுபடி எண்ணச் சொன்னேன். தினமும் ஃபுட்பால் ஆடுகிறவனுக்கு மளமளவென்று இறங்கியிருந்தது, பக்கத்தில் இருந்தவனுக்கு இறங்கவில்லை. "இவனுக்கு மட்டும் ஏன் மிஸ்?"

அந்தக் கேள்விதான் பாடம். பயிற்சியில் பழகிய இதயம் சீக்கிரம் இயல்புக்குத் திரும்பும், சும்மா இருக்கும்போதும் குறைவாகவே துடிக்கும். உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தேவை. ஒரு துடிப்புக்கு 70 மில்லி தள்ளும் இதயம் 72 முறை துடித்தாக வேண்டும். நீண்ட நாள் பயிற்சியால் வலுவான இதயம் ஒரே துடிப்பில் 100 மில்லி தள்ளினால் 50 போதும். நிமிடத்துக்கு 22 துடிப்பு மிச்சம் என்றால் ஒரு நாளைக்கு 31,680. பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் கணக்கு சார் இந்தக் கணக்கையாவது போட்டுக் காட்டலாம்.

எந்த வேகத்தில் ஓடுவது என்பதற்கு மெஷின் வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் நடுத்தர வேகம். நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் கடும் வேகம். பழகாத பிள்ளைக்கு ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பித்து, வாராவாரம் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்தால் போதும். பிள்ளைகளின் உடற்தகுதியை அளக்கும் ஃபிட் இந்தியா தேர்வுக்கு வருடத்துக்கு ஒரு நாள் 600 மீட்டர் ஓடவிட்டு நேரத்தைப் பதிவேற்றுகிறோம். முதல் நூறு மீட்டரை நாய் துரத்தியது போல ஓடிவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சீராக ஓட யார் சொல்லிக்கொடுத்தோம்?

ஓடவே பிடிக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். இருக்கட்டும். ஒயிலாட்டம் கால் மணி நேரம் இடைவிடாமல் ஆடிப் பாருங்கள், துணியைப் பிழிந்து காயப்போட வேண்டியிருக்கும். கும்மி, கோலாட்டம், பறையாட்டம் எல்லாமே இதயத்துக்கான பயிற்சிதான். ஆண்டு விழாவுக்கு முந்தைய பத்து நாள் மட்டும் நடப்பதை வாரம் இருமுறை வைத்தால், மரத்தடியில் பை காக்கும் பெண்களில் பாதிப் பேர் எழுந்து வருவார்கள். கபடியை நான் குறை சொல்லவில்லை. அதிலும் ஆடுபவர்கள் ஏழு ஏழு பேர்தான்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. முதல்வரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் வெறும் வயிற்றோடு வருபவர்களை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உச்சி வெயிலில் வேண்டாம், முதல் பீரியட் அல்லது கடைசிப் பீரியட். வீசிங் உள்ளவர் இன்ஹேலரைக் கையில் வைத்திருக்கட்டும். மாதவிலக்கு நாளில் உட்கார விரும்புகிறவளைக் காரணம் கேட்காதீர்கள், ஆட விரும்புகிறவளைத் தடுக்காதீர்கள். ஓடும்போது நெஞ்சு வலிக்கிறது, மயக்கம் வருகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் நடிப்பென்று நினைக்காமல் நிறுத்தி, டாக்டரிடம் அனுப்புங்கள். தண்டனை ரவுண்டில் ஓடும் பிள்ளை அதைச் சொல்லவே சொல்லாது. அதற்காகவாவது அதை விட வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியர்களே, உங்களில் பலர் பகுதிநேர ஆசிரியராகத் தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருப்பது தெரியும். விளையாட்டுப் போட்டி, அணிவகுப்பு, பிரேயர் ஒழுங்கு எல்லாம் உங்கள் தலையில்தான். இதையும் தூக்கி வைக்கவில்லை. பீரியடைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவர்கள் தலைமை ஆசிரியர்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள், பெற்றோர் தரப்பில் நான் பேசுகிறேன்.

நாடி பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் கேளுங்கள், யாராவது வருவார்கள். புதன்கிழமை மட்டும் கேட்காதீர்கள், அன்று தடுப்பூசி நாள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர், ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய்